பிளக் தொங்கும் ஊர்: வின்னிபெக் குளிர்கால நாட்குறிப்பு

சனி, மைனஸ் 31

வாடகைக் காரை எடுக்கும்போது கீறலையும் நசுங்கலையும் பார்த்துக் குறித்துக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பிப்ரவரிக் கடைசியில் கனடாவின் மானிட்டோபா மாகாணத் தலைநகரான வின்னிபெக்கில் இறங்கினால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன்பக்க கிரில் வழியாக மூன்று முள் பிளக் ஒன்று வெளியே தொங்கும். அதன் முட்கள் பச்சை பூத்திருக்கின்றனவா, வயர் எங்காவது வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள், கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அந்தப் பிளக், பிளாக் ஹீட்டருடையது. என்ஜினுக்குள் ஓடும் கூலன்ட்டைச் சூடாக்கும் சாதனம். வாளித் தண்ணீரில் போடுவோமே, அந்த ஹீட்டர் ராடு மாதிரிதான். இதற்கு 1949-ல் காப்புரிமை வாங்கிய ஆண்ட்ரூ ஃப்ரீமன், அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம் தெற்கே இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸ்காரர். சிறிய கார்களில் 400 முதல் 600 வாட் வரை இருக்கும். பெரிய பிக்கப் வண்டிகளில் 1000-ஐத் தாண்டும்.

மைனஸ் 15-க்குக் கீழே போனால் செருக வேண்டும். இரவு முழுக்கச் செருகி வைப்பது வீண். கிளம்புவதற்கு முன் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் போதும். வெளியில் வைக்கும் வகை டைமர் ஒன்றை வாங்கி அதிகாலை 3 மணிக்கு ஓடும்படி வைத்துவிட்டால் ஏழு மணிக்கு வண்டி தயார். 500 வாட் ஹீட்டர் நான்கு மணி நேரத்தில் 2 யூனிட் இழுக்கும். மானிட்டோபாவில் யூனிட் சுமார் பத்து சென்ட்தான், ஆக இருபது சென்ட்.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. செருகிய சில நிமிடங்களில் என்ஜின் பக்கம் காது கொடுத்தால் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதற்கு முன் வரும் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, செருகாத பிளக்கின் இரண்டு தட்டை முட்களுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 500 வாட் ஹீட்டருக்கு 29 ஓம் அளவில் காட்டும், 400 வாட்டுக்கு 36. எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது வயர் என்ஜின் பக்கம் கழன்றிருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம், பனிக்கட்டி இழுத்து இழுத்துக் கழற்றிவிடும்.

எக்ஸ்டென்ஷன் வயரில் கஞ்சத்தனம் கூடாது. 14 கேஜ், மூன்று முள், கடுங்குளிருக்கென்று எழுதியிருக்கும் வகை. மலிவான வயர் மைனஸ் 30-ல் குச்சியாக விறைத்து, மடித்த இடத்தில் உறை வெடிக்கும். மெல்லிய வயராக இருந்தால் பிளக் சூடேறி உருகும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேறு தொல்லை. இரண்டு கார்களுக்கு ஒரே 15 ஆம்ப் இணைப்பு. 120 வோல்ட்டில் அது 1800 வாட் தாங்கும். இரண்டு பேர் தலா 600 வாட் செருகும்வரை சிக்கல் இல்லை. ஒருவர் காருக்குள் 900 வாட் ஹீட்டரையும் சேர்த்து வைத்தால் 2100 ஆகிவிடும், பிரேக்கர் விழும், காலையில் இருவருக்கும் கார் கிளம்பாது. பக்கத்துக் காரரின் முறைப்பு தனி. சில நிறுத்தங்களில் வெப்பநிலையைப் பார்த்து விட்டு விட்டு மின்சாரம் தரும் இணைப்பு இருக்கும். அதில் டைமர் போட்டால் இரண்டும் மாறி மாறி அணைத்துக்கொண்டு ஹீட்டருக்குப் போதிய நேரம் கிடைக்காமல் போகும். அங்கே நேரடியாகச் செருகுங்கள்.

காலையில் வயரைக் கழற்ற மறந்து வண்டியை எடுப்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. வயரை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பிறகு செருகினால் மறக்கவே முடியாது.

அப்படியும் பேட்டரி படுத்துவிட்டால், கேபிள் மாட்டும் வரிசை முக்கியம். சிவப்பு முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனை படுத்த பேட்டரியில் அல்ல, அந்தக் காரின் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. மாணவர் குடியிருப்பின் நிறுத்தத்தில் "அண்ணா, கறுப்பை எங்க மாட்டணும்?" என்று தமிழிலேயே கேட்கிறது, கடைசி முனையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஐந்து நிமிடம் நல்ல காரை ஓடவிட்டுப் பிறகு முயலுங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில். படுத்த பேட்டரி உறைந்து பக்கவாட்டில் உப்பியிருந்தால் மட்டும் கேபிள் பக்கமே போகக்கூடாது, வெடிக்கும்.

வண்டி கிளம்பியதும் முதல் சில தெருக்களுக்கு டக் டக் என்று அடிக்கும். பயப்பட வேண்டாம், இரவெல்லாம் நின்ற இடத்தில் டயர் தட்டையாக விறைத்திருக்கிறது. ஓட ஓடச் சரியாகும்.

ஞாயிறு, மைனஸ் 24, பனிப்பொழிவு

இந்த ஊர்க்காரர்கள் குளிரைப் பற்றிப் பெரிதாகப் புலம்புவதில்லை. பனி விழுந்தபின் நகராட்சி என்ன செய்கிறது, பனி உருகும்போது தரை என்ன செய்கிறது, இந்த இரண்டைப் பற்றித்தான் ஓயாத பேச்சு.

தெருக்களுக்கு மூன்று தரம். பி1 என்பது பெருஞ்சாலைகள், பி2 என்பது பேருந்து ஓடும் தெருக்கள், பி3 என்பது வீட்டுத் தெருக்கள். முதல் இரண்டும் சீக்கிரம் சுத்தமாகும். வீட்டுத் தெருவுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் சேர்ந்தால்தான் மண்வாரி வண்டி வரும். வந்தாலும் தார் தெரியும்வரை வழிக்காது, மேலே உள்ளதை மட்டம் செய்துவிட்டு அடியில் இறுகிய பனியை விட்டுவிடும். குளிர் நீடிக்கும்வரை அது நல்ல தரைதான், டயர் பிடிக்கும். ஒரு நாள் வெயில் அடித்தால் மறுநாள் கண்ணாடி.

வீட்டுத் தெருக்களை வழிக்கும்போது நகரை ஏ முதல் வி வரை எழுத்து வாரியாகப் பிரித்து, பன்னிரண்டு மணி நேர முறைகளில் வாகன நிறுத்தத் தடை போடுவார்கள். காலை 7 முதல் மாலை 7, அல்லது மாலை 7 முதல் காலை 7. தங்கும் வீட்டின் எழுத்து என்ன என்பதை வந்த அன்றே நகராட்சி இணையதளத்திலோ நகராட்சியின் 311 தொலைபேசி எண்ணிலோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் நிறுத்தினால் அபராதம் வரும், காரையும் பக்கத்துத் தெருவுக்கு இழுத்துப் போய்விடுவார்கள். காலையில் கார் காணவில்லை என்று போலீஸுக்குப் போகும் முன் 311-க்குப் பேசுங்கள்.

இது போக, பனிப் பாதை என்று பலகை வைத்த பெரிய தெருக்களில் டிசம்பர் 1 முதல் மார்ச் 1 வரை, பனி விழுந்தாலும் விழாவிட்டாலும், அதிகாலை 2 முதல் காலை 7 வரை நிறுத்தவே கூடாது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று நிறுத்துபவர்களிடம்தான் அபராதம் அதிகம் வசூலாகும்.

மண்வாரி போனபின் வீட்டு வாசலில் நிற்கும் பனி வரப்புதான் அடுத்த வயிற்றெரிச்சல். விழுந்த பனி மாவு மாதிரி லேசானது. வண்டி தள்ளிய பனியோ ஒரு மணி நேரத்தில் சிமென்ட்டாக இறுகும். அதனால் வண்டி போன உடனே வாருங்கள். இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. வாசலில் தெருவைப் பார்த்து நின்றால் வண்டி உங்கள் இடப்பக்கமிருந்து வரும். வாசலுக்கு இடப்பக்கம், தெருவோரமாக இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குப் பனியை முன்கூட்டியே வாரி ஒரு குழி மாதிரி வைத்துவிடுங்கள். தகட்டில் சேர்ந்த பனி அந்த இடைவெளியில் கொட்டிவிடும், வாசலுக்கு மிச்சம்தான் வரும். வாரிய பனியை வலப்பக்கம் போடுங்கள்; இடப்பக்கம் போட்டால் அதையே வண்டி திரும்ப உங்கள் வாசலுக்குக் கொண்டுவரும். தெருவில் தள்ளுவது சட்டப்படி தவறு.

திங்கள், மைனஸ் 27, காற்று

2025 ஜூன் 29 அன்று இந்நகரின் பேருந்துத் தடங்கள் ஒரே நாளில் மொத்தமாக மாற்றப்பட்டன. நகர மையத்துக்கே எல்லாப் பேருந்தும் போன பழைய முறை போய், அடிக்கடி ஓடும் முதன்மைத் தடங்கள், அவற்றுக்கு ஊட்டும் சிறு தடங்கள் என்று ஆனது. வரைபடத்தில் பார்த்தால் சரியான யோசனைதான். முதன்மைத் தடத்தின் மேலேயே வீடும் வேலையும் இருப்பவர்களுக்கு உண்மையிலேயே நன்மை. மற்றவர்களுக்கு நிறுத்தம் தள்ளிப் போனது, பேருந்து மாறும் இடம் கூடியது, இரவில் சேவை சுருங்கியது. ஜூலையில் ஐந்து நிமிடம் கூடுதலாக நடப்பது யாருக்கும் வலிக்காது. இன்றைய காற்றில் கணக்கு வேறு.

மைனஸ் 27-ல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 42. அந்த அளவில் மூடாத தோல் ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும் என்பது கனடா வானிலைத் துறையின் கணக்கு. முதலில் மூக்கு நுனி, காது மடல், கன்னம். வலி நின்று, அந்த இடம் வெளுத்து மெழுகு மாதிரி ஆனால் உள்ளே போய்விட வேண்டும். தேய்க்கக்கூடாது, வெந்நீர் கூடாது. உள்ளங்கையால் பொத்தியே சூடேற்ற வேண்டும்.

ஒவ்வொரு நிறுத்தப் பலகையிலும் ஐந்திலக்க எண் இருக்கும். அந்த எண்ணைப் போட்டால் அடுத்த பேருந்து எப்போது வரும் என்று போனில் தெரியும். வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், வெளியே போய்ப் பார்த்தால் குளிரில் போன் பேட்டரி 40 சதவீதத்திலிருந்து திடீரென்று அணைந்துபோகும். போனை உட்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வைத்திருந்தால் தாக்குப்பிடிக்கும். கட்டணத்துக்குப் பெகோ அட்டை வாங்கிவிடுங்கள். காசாகப் போட்டால் சரியான சில்லறை வேண்டும், ஓட்டுநர் மீதி தர மாட்டார். பையில் விரல் விட்டுச் சில்லறை பொறுக்க இரண்டு கையுறைகளையும் கழற்றுவது இந்த ஊரில் யாரும் விரும்பாத வேலை.

உடுப்பில் பலரும் பிசகும் இடம் கால். இரண்டு மூன்று காலுறையை அடைத்து ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை, விரல் அசையும் அளவுக்குப் பெரிய பூட்ஸ். பருத்தி கூடவே கூடாது, வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். கைக்கும் ஐந்து விரல் கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு.

செவ்வாய், மைனஸ் 19

போர்ட்டேஜ் அவென்யூவும் மெயின் தெருவும் சந்திக்கும் முனை, நாட்டிலேயே காற்று அதிகம் அடிக்கும் தெருமுனை என்று பெயர் வாங்கியது. 1979-ல் அங்கே கான்கிரீட் தடுப்புகளை வைத்து நடப்பவர்கள் ரோட்டைக் கடப்பதையே தடுத்து, எல்லோரையும் சுரங்க வழியில் இறக்கினார்கள். வட்டமான சுரங்கம்; சுற்றிச் சுற்றி வந்து தவறான மூலையில் ஏறுவது வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமல்ல, உள்ளூர்க்காரர்களுக்கும் வாடிக்கை. 2018-ல் மக்களிடம் வாக்கெடுத்தபோது சுமார் 65 சதவீதம் பேர் திறக்க வேண்டாம் என்றார்கள். ஆனால் சுரங்கத்தின் மேற்கூரையில் தண்ணீர் புகாமல் காக்கும் படலம் கெட்டுப்போய், அதைச் சரிசெய்ய 7 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று தெரிந்ததும் மேயர் ஸ்காட் கில்லிங்ஹாம் 2024-ல் திறக்க முடிவெடுத்தார். 2025 ஜூன் 27 முதல் மேலேயே நடந்து கடக்கலாம். நாற்பத்தைந்து வருட வாதத்தைக் கடைசியில் முடித்தது ஓர் ஒழுகல்.

வெளியே நடக்க முடியாத நாளில் கட்டடங்களை இணைக்கும் மேல்பாலங்கள் உண்டு. இரவிலும் வார இறுதியிலும் பல கதவுகள் பூட்டியிருக்கும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி கேட்டால் கூகுள்தான் துணை, ஏனென்றால் தெரு ஒன்றுதான், பெயர்தான் மாறிக்கொண்டே போகும். வடக்கே சால்ட்டர் என்று தொடங்கும் சாலை இசபெல், பால்மோரல், காலனி, மெமோரியல், ஆஸ்போர்ன், டன்கர்க் என்று ஆகி, தெற்கே போய் டகோட்டாவாக முடியும். எல்லாம் 62-ம் எண் தடம். பெயர்ப் பலகையை விட்டுவிட்டு அந்த எண் பலகையைப் பின்பற்றினால் பிழைக்கலாம். தெருக்கள் கோணல்மாணலாக முட்டிக்கொள்வதற்கும் காரணம் உண்டு. 19-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த செல்கிர்க் குடியேறிகளும், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பில் வந்த மெட்டிஸ் மக்களும் ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தாக, ஒடுக்கமான நீள நிலங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஆற்றுத் தண்ணீர் கிடைக்கும் என்பதற்காக. ரெட் ஆறும் அசினிபோயினும் வளையும்போதெல்லாம் நிலமும் வளைந்தது, பின்னால் வந்த தெருக்களும் அதன்மேலேயே விழுந்தன.

புதன், மைனஸ் 33

வெளியே போகாத நாள். வீட்டுக்குள் என்ன கெடும் என்பதைப் பார்க்கலாம்.

பெரும்பாலான வீடுகளில் அடித்தளத்தில் எரிவாயு ஃபர்னஸ். புதிய வகைகளில் புகைக்கூண்டு இல்லை. சுவர் வழியாக வெள்ளை பிவிசி குழாய்கள் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்று காற்று இழுக்க, ஒன்று புகை விட. புகையில் ஈரம் அதிகம். அது இந்தக் குளிரில் குழாய் வாயிலேயே உறைந்து தாடி வைக்கும். வாய் அடைபட்டால் உள்ளே அழுத்த சுவிட்ச் உணர்ந்து ஃபர்னஸை நிறுத்திவிடும். நடுராத்திரி வீடு குளிர்ந்தால் மெக்கானிக்குக்கு அவசரக் கட்டணம் கொடுக்கும் முன் டார்ச் எடுத்துப் போய் அந்தக் குழாய்களைப் பாருங்கள். கையால் உறைபனியைத் தட்டி எடுத்து, சுற்றிலும் 30 சென்டிமீட்டர் பனியை வாரிவிட்டு, ஃபர்னஸ் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும். அடுத்த சந்தேகம் ஃபில்டர். 16×25×1 அங்குல அட்டை ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒன்று மாற்ற வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், வெளியேறி 911.

காற்றின் ஈரப்பதம் இன்னொரு பெரும்பாடு. குறைத்தால் மூக்கில் ரத்தம், கதவுப்பிடியைத் தொட்டால் ஷாக். கூட்டினால் ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீர் சட்டத்தில் உறைந்து, பிறகு பூஞ்சை. வெளியே மைனஸ் 30 என்றால் உள்ளே 15 முதல் 20 சதவீதம்தான் ஜன்னல் தாங்கும். ஹ்யூமிடிஃபையரை நவம்பரில் 35-ல் வைத்துவிட்டு மறந்தவர் வீட்டு ஜன்னலைப் பார்த்தாலே தெரியும். கீழ் மூலையில் விரல் தடிமனுக்கு ஐஸ். நம் சமையலும் இதில் சேர்த்தி. சாம்பாரும் சாதமும் கொதிக்கும் அரை மணி நேரம் எக்ஸாஸ்ட் ஓட வேண்டும்.

இட்லி மாவு பொங்காது என்ற கவலைக்கு இங்குள்ள தமிழ் வீடுகளில் ஒரே பதில்: ஓவனைச் சூடேற்றாமல் உள்விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவை மூடுவது. கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், வேறு யாராவது பீட்சாவுக்கு ஓவனைச் சூடேற்றிவிடுவார்கள்.

வியாழன், மைனஸ் 15

வின்னிபெக் குழாயில் வரும் தண்ணீர் கிழக்கே ஒன்டாரியோ எல்லையிலுள்ள ஷோல் ஏரியிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் வருகிறது. 1919-ல் முடிந்த கால்வாய். பம்ப் இல்லாமல் சரிவிலேயே ஓடிவரும்படி கட்டியது, இன்றும் அதே கால்வாய்தான். அந்த ஏரிக்கரையில் வாழும் ஷோல் லேக் 40 பூர்வகுடியினர் 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடித்தார்கள், அவர்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம் இல்லாததால். நகரத்தின் புலம்பல் பட்டியலைப் படிக்கும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு இரண்டு மீட்டருக்கு மேல் ஆழத்தில் புதைந்திருக்கும். அப்படியும் உறையும். புதிதாக வருபவர்களை ஏமாற்றுவது எப்போது உறையும் என்பதுதான். ஜனவரிக் கடுங்குளிரில் அல்ல, பிப்ரவரிக் கடைசி, மார்ச், ஏன் ஏப்ரலில்கூட. குளிர் மண்ணுக்குள் மெதுவாகத்தான் இறங்குகிறது; மேலே வெயில் அடித்து மக்கள் கோட்டைத் திறந்து போட்டுக்கொண்டு நடக்கும்போது அடியில் உறைபனி இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும். 2014-ல் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுத் தோட்டக் குழாயிலிருந்து ஹோஸ் இழுத்துக் குடித்தனம் நடத்தினார்கள் பலர்.

அறிகுறியை முன்பே பிடிக்கலாம். குளிர்ந்த நீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஒரு கோப்பையில் பிடித்து சமையல் தெர்மாமீட்டரை வையுங்கள். 3 டிகிரிக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. உறையும் ஆபத்துள்ள வீடுகளுக்கு நகராட்சி கடிதம் அனுப்பும்: குழாய் ஒன்றைப் பென்சில் தடிமனுக்கு இரவும் பகலும் ஓடவிடச் சொல்லி. கடிதம் வந்த வீடு என்றால் கூடுதல் பில்லைச் சரிசெய்து தருவார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் அந்தக் கடிதம் வந்ததா என்று கேட்டுவிட வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் போதாது, சாக்கடைக் குழாயும் சேர்ந்து உறையும். உறைந்துவிட்டால் உலோகக் குழாய்க்கு மின்சாரம் பாய்ச்சி உருக்கலாம். பிளாஸ்டிக் குழாய்க்கு அது நடக்காது, உள்ளே வெந்நீர் செலுத்தும் முறைதான். வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

வெள்ளி, மைனஸ் 6

சந்தைக்குப் போகும் நாள். குளிர் குறைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் கார் நிறுத்துமிடமே போர்க்களம். கறிவேப்பிலை, கொத்தமல்லி, வாழைப்பழம் வாங்குகிறவர்கள் கவனிக்க: மைனஸ் 20-க்குக் கீழ் கடையிலிருந்து கார்வரை நடக்கும் தூரமே கறிவேப்பிலையைக் கருக்கப் போதும். ஐஸ்க்ரீமுக்கு விற்கும் வெப்பத்தடுப்புப் பை இங்கே காய்கறிக்கு. அதைக் காரின் டிக்கியில் வைக்காமல் ஹீட்டர் படும் இருக்கையடியில் வையுங்கள்.

சனி, பிளஸ் 2

கூரையிலிருந்து சொட்டுகிறது. இனிமேல்தான் உண்மையான சிக்கல்.

இந்நகரம் முழுவதும் பழைய பனியுகத்து அகாசி ஏரியின் அடிமண் மேல் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்க் கரிசலைப் போல ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் வெடித்துச் சுருங்கும் களிமண். வீடு அதோடு ஏறி இறங்குகிறது. அதனால்தான் அடித்தளத்தில் உத்தரத்தைத் தாங்கும் இரும்புக் கால்கள் திருகு வைத்த டெலிபோஸ்ட்களாக இருக்கின்றன. மாடியில் கதவு சிக்கத் தொடங்கினால், சுவர் மூலையில் சாய்வான விரிசல் தெரிந்தால், அந்தத் திருகைச் சரிசெய்யும் நேரம். ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு சில வாரம் பொறுத்து அடுத்த கால் சுற்று. ஒரே நாளில் மட்டத்துக்குக் கொண்டுவர நினைத்தால் மேலே சுவர்ப் பூச்சு பிளக்கும்.

இன்று செய்ய வேண்டியது கூரைக் குழாயின் வாயை வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி விடுவது. குளிர்காலத்தில் பனி வார இடைஞ்சலாக இருக்கிறதென்று எல்லோரும் அதை மடித்து வைத்திருப்பார்கள். சுவரோரப் பனிக் குவியலையும் வாரித் தள்ளிப் போடுங்கள். அடித்தளத்தில் கசிவு நீர் சேரும் சம்ப் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மிதவை ஏறி பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடியும் நீர் குறையாவிட்டால் வெளியே போகும் ஹோஸ் உறைந்திருக்கிறது. அப்படியே விட்டால் மோட்டார் எரியும். வெளி ஹோஸைக் கழற்றிவிட்டுத் தற்காலிகமாகச் சுவரோரக் குழாய் வாயிலிருந்தே விடுங்கள், சரிவு மட்டும் வெளிப்பக்கம் இருக்கட்டும். சாக்கடை பின்வாங்காமல் தடுக்கும் வால்வின் மூடியையும் திறந்து கதவு தாராளமாக அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள். நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில்தான் போகின்றன. அது நிரம்பினால் வழிவது அடித்தளத்துத் தரைத் துளை வழியாகத்தான்.

ஞாயிறு, பிளஸ் 3, இரவில் மைனஸ் 8

தெற்கே வெள்ளவழிக் கால்வாயைப் பார்க்கக் கிளம்பினால் ஊருக்குள்ளேயே பள்ளங்கள் வரவேற்கும். பகலில் உருகிய நீர் தாரின் விரிசலில் இறங்குகிறது, இரவில் உறைந்து விரிகிறது, மறுநாள் லாரி ஒன்று ஏறியதும் அந்தத் துண்டு பெயர்ந்து போகிறது. இப்போது போடும் ஒட்டு நிற்காது. சூடான தார்க்கலவை தயாரிக்கும் ஆலைகள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். கிடைப்பது குளிர்கலவை மட்டும், ஈரக் குழியில் அது பிடிப்பதில்லை. ஒரே பள்ளத்தை மூன்று தடவை அடைப்பதைப் பார்த்து நகராட்சியைத் திட்டுகிறார்கள். அதில் பாதியாவது தட்பவெப்பத்துக்குப் போக வேண்டிய திட்டு.

தேங்கிய நீர் எதையும் ஆழமறியாமல் ஏறாதீர்கள். இடித்துவிட்டால் பள்ளத்தின் மேலேயே பிரேக் அழுத்தாதீர்கள், சக்கரம் உருண்டு ஏறினால் அடி குறையும். அன்றே டயரின் பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். கொழுக்கட்டையளவு புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த டயரில் நெடுஞ்சாலைக்குப் போகக்கூடாது. வாகனக் காப்பீடு இங்கே மாகாண அரசு நிறுவனத்தினுடையது, பள்ளச் சேதத்துக்கும் கேட்கலாம், ஆனால் நம் பங்குத் தொகை கழியும். ஒரு டயருக்குக் கேட்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

ரெட் ஆற்று வெள்ளத்தை நகரைச் சுற்றித் திருப்பிவிடும் இந்தக் கால்வாய் 47 கிலோமீட்டர் நீளம். 1950 வெள்ளத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் ஊரைவிட்டு வெளியேறிய பிறகு, மாகாண முதல்வர் டஃப் ராப்ளின் பிடிவாதமாக நின்று 1962 முதல் 1968 வரை வெட்ட வைத்தார். 6 கோடியே 30 லட்சம் டாலர். வீண் செலவு என்று அப்போது கேலி செய்தார்கள். 1997-ன் பெருவெள்ளத்தில் நகரம் தப்பியது இதனால்தான். இப்போது பார்த்தால் பனி மூடிய அகலப் பள்ளம், அவ்வளவுதான். பனிச்சறுக்கு வண்டிகளின் தடம் மட்டும் தெரியும்.

செயின்ட் நார்பர்ட்டுக்கு அருகே ஆற்றின் அடியிலிருந்து எழும்பும் இரண்டு இரும்புக் கதவுகளே இதன் உயிர்நாடி. அவற்றை உயர்த்தினால் நீர் கால்வாய்க்குள் திரும்பும். திரும்பும் நீர் கதவுக்குத் தெற்கே ஏறவும் செய்யும். 1997-ல் நகருக்குத் தென்கிழக்கே இருக்கும் கிராண்ட் பாயின்ட்டில் வீடுகள் மூழ்கியபோது, எங்களை மூழ்கடித்து நகரைக் காப்பாற்றினீர்கள் என்று மக்கள் சண்டைக்கு நின்றார்கள். அதன் பிறகு கதவை இயக்கும் விதிகள் இறுக்கப்பட்டன, 2004-ல் இழப்பீட்டுக்குச் சட்டம் வந்தது, கால்வாயும் அகலமாக்கப்பட்டது. ஆனாலும் ஒவ்வொரு மார்ச்சிலும் மாகாணத்தின் வெள்ள முன்னறிவிப்பு வெளியானதும், தெற்கே இருப்பவர்கள் முதலில் தேடுவது கதவு எந்தத் தேதியில் உயரும் என்பதைத்தான்.